ஹீட்டரை எப்போது போடுவது? ஒரு பிரிட்டிஷ் பழக்கமும் அதன் கணக்கும்

இத்தாலியில் வீட்டு ஹீட்டிங்கை எந்தத் தேதியிலிருந்து போடலாம் என்று அரசாணையே சொல்லிவிடுகிறது. குளிரின் அளவைப் பொறுத்து நாடு ஆறு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மிலானில் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நாளொன்றுக்கு 14 மணி நேரம் போட்டுக்கொள்ளலாம். ரோமில் நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டும். நேரமும் 12 மணிதான். ஆல்ப்ஸ் மலையூர்களுக்குக் கட்டுப்பாடு கிடையாது. சீனத்தின் வடபகுதியில் நகரம் முழுவதற்குமான பொது வெப்பக் குழாய்கள் உண்டு. பெய்ஜிங்கில் அவை திறக்கப்படும் நாள் நவம்பர் 15. வட அமெரிக்காவில் சட்டம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. டொராண்டோவில் குளிர் மாதங்களில் வாடகை வீட்டில் 21 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் கடமை. ஸ்கார்பரோவின் அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த உரிமை உண்டு.

பிரிட்டனில் இப்படி ஒரு தேதி இல்லை. ஆனால் எழுதப்படாத ஒரு விதி இருக்கிறது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே திருப்பும்வரை ஹீட்டரைத் தொடக்கூடாது என்பார்கள் சிலர். நவம்பர் பிறக்கட்டும் என்பார்கள் வேறு சிலர். அதுவரைக்கும் ஸ்வெட்டர், தடித்த காலுறை, மடியில் ஒரு போர்வை, அடிக்கடி தேநீர். யார் வீட்டில் கடைசியாகப் போட்டார்கள் என்பதில் ஒரு சின்னப் பெருமையும் உண்டு. லண்டனின் ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் உள்ள தமிழ் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. செப்டம்பர் முடியும்போது பில்லை நினைத்து ஒருவர் தெர்மோஸ்டாட்டைக் குறைப்பதும், குளிர் தாங்காத இன்னொருவர் கூட்டுவதும் அங்கே ஆண்டுதோறும் நடப்பதுதான்.

இந்தத் தள்ளிப்போடலை வெறும் சிக்கனம் என்று ஒதுக்கிவிட முடியாது. வீட்டின் சுவர், உடலின் வயது, எரிவாயுவின் விலை, அரசின் கொள்கை நான்கும் அதற்குள் இருக்கின்றன. தள்ளிப்போடுவதால் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது, அந்த மிச்சத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நிலக்கரி கற்றுத்தந்த பழக்கம்

வீடு முழுவதையும் ஒரே சீராக வெதுவெதுப்பாக வைத்திருப்பது பிரிட்டனில் இரண்டு தலைமுறை வயதுகூட ஆகாத வழக்கம். அதற்கு முன்பு சூடு என்பது ஒரு அறைக்குள் எரியும் நிலக்கரி நெருப்பு. கரியைச் சுமந்து வந்து, சாம்பலை வாரி, தீ மூட்டிக் காத்திருக்க வேண்டும். எனவே பருவத்தின் முதல் நெருப்பை மூட்டுவது யோசித்து எடுக்கும் முடிவாகவே இருந்தது. படுக்கையறைகள் குளிர்ந்தே கிடந்தன. காலையில் சன்னலின் உட்பக்கத்தில் பனிப்பூ படிந்திருந்ததை இன்று எழுபது வயதைத் தாண்டியவர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள்.

1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப்புகை ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1965இல் வட கடலில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. 1967 முதல் 1977 வரை வீடு வீடாகச் சென்று ஏறக்குறைய 4 கோடி அடுப்புகளையும் கணப்புகளையும் புதிய வாயுவுக்கு ஏற்ப மாற்றினார்கள். அந்த மாற்றத்தோடுதான் சமையலறைச் சுவரில் பாய்லரும் ஒவ்வோர் அறையிலும் ரேடியேட்டரும் பரவலாக வந்தன. 1970இல் மத்திய ஹீட்டிங் வசதி இருந்தது பத்தில் மூன்று வீடுகளில்தான். இன்று நூற்றில் தொண்ணூற்றைந்துக்கும் மேல். குளிர்காலத்தில் பிரிட்டிஷ் வீடுகளுக்குள் நிலவிய சராசரி வெப்பம் 1970இல் 12 டிகிரி அளவில் இருந்தது என்றும், 2011இல் 18 டிகிரியை நெருங்கியது என்றும் அரசின் வீட்டு எரிசக்தி மதிப்பீடுகள் சொல்கின்றன.

சாதனம் மாறியது, மனம் அவ்வளவு வேகமாக மாறவில்லை. பொத்தானை அழுத்துவதற்கு இன்று எந்த உழைப்பும் வேண்டாம். ஆனாலும் அதை அழுத்தும்போது ஏதோ தளர்ந்துவிட்டோம் என்ற உணர்வு தங்கிவிட்டது. 1970களின் எண்ணெய் நெருக்கடி அதற்கு நாட்டுப்பற்று என்ற இன்னொரு நிறத்தையும் பூசியது. 1977 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் கம்பளி மேலாடை அணிந்து தொலைக்காட்சியில் தோன்றி, பகலில் 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வைக்காதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். நம் அளவில் அது 18 டிகிரிக்குச் சற்று மேல். குளிரைப் பொறுத்துக்கொள்வதைக் குடிமகனின் பண்பாகக் காட்டிய அந்த உரையின் எதிரொலி, விலை ஏறும் ஒவ்வொரு முறையும் கேட்கிறது.

அக்டோபரின் பங்கு எவ்வளவு?

2021 அக்டோபரில் பிரிட்டனின் சராசரிக் குடும்பத்துக்கான ஆண்டு எரிசக்திச் செலவின் உச்சவரம்பு 1,277 பவுண்டு. 2022 ஏப்ரலில் அது 1,971 ஆனது. ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகு, அந்த அக்டோபரிலிருந்து 3,549 பவுண்டு என்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் அறிவித்தது. அரசு தலையிட்டு 2,500 பவுண்டு அளவில் நிறுத்தியது. எரிவாயு அப்போது ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு கிலோவாட்-மணிக்கு, ஏறக்குறைய 10.3 பென்ஸ். அந்த இலையுதிர் காலத்தில் பேச்சின் மையமே ஹீட்டரை எப்போது போடுவது என்பதுதான்.

மிச்சத்தைக் கணக்கிட ஒரு எளிய வழி இருக்கிறது. பிரிட்டனின் பொறியாளர்கள் 15.5 டிகிரியை ஓர் எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். வெளியே நாளின் சராசரி வெப்பம் அதற்குக் கீழே இறங்கினால்தான் சராசரி வீட்டுக்கு ஹீட்டிங் தேவை. வீட்டுக்குள் வேண்டியது 18, 19 டிகிரி அல்லவா என்று கேட்கலாம். மீதி மூன்று டிகிரியை வீடே தந்துவிடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் 100 வாட் அளவுக்கு வெப்பம் வெளியிடுகிறது. அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, சன்னல் வழியே விழும் வெயில் எல்லாம் சேர்ந்து அந்த இடைவெளியை நிரப்புகின்றன.

இனி லண்டனை எடுத்துக்கொள்வோம். அக்டோபரின் சராசரி 12 டிகிரி அளவு. எல்லைக்குக் கீழே மூன்றரை டிகிரி. 31 நாட்களுக்குப் பெருக்கினால் 110க்குச் சற்றுக் குறைவு. ஜனவரியின் சராசரி ஐந்தரை டிகிரி. எல்லைக்குக் கீழே பத்து டிகிரி, பெருக்கினால் 310. ஆண்டு முழுவதையும் இப்படிக் கூட்டினால் தோராயமாக 1,700 வருகிறது. அதில் அக்டோபரின் பங்கு 7 சதவீதத்தைத் தாண்டாது.

பணமாக மாற்றிப் பார்க்கலாம். சராசரிக் குடும்பம் ஆண்டுக்கு 12,000 யூனிட் எரிவாயு செலவிடும் என்பது அப்போது ஆஃப்ஜெம் வைத்திருந்த கணக்கு. சுடுநீருக்கும் சமையலுக்கும் கால் பங்கை ஒதுக்கினால் ஹீட்டிங்குக்கு 9,000 யூனிட். அதில் 7 சதவீதம் 630 யூனிட். விலை உச்சத்தில் இருந்த 2022இலும் ஓர் அக்டோபர் முழுவதும் ஹீட்டரைத் தொடாமல் இருந்த குடும்பத்துக்கு மிஞ்சியது 65 பவுண்டு அளவுதான்.

65 பவுண்டு ஏழைக் குடும்பத்துக்குச் சின்னத் தொகை அல்ல. ஆனால் இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. குளிர்காலம் முழுவதும் தெர்மோஸ்டாட்டை ஒரே ஒரு டிகிரி குறைத்து வைத்தால் ஹீட்டிங் செலவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். அக்டோபர் முழுவதையும் குளிரில் கழிப்பதைவிட, அக்டோபரிலேயே போட்டுவிட்டு 21க்குப் பதில் 20 டிகிரியில் வைப்பது அதிகம் மிச்சப்படுத்தும். பெரிய செலவு டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் இருக்கிறது. வீம்பு காட்டப்படும் மாதத்திலோ செலவு மிகக் குறைவு.

நாடுகளின் அளவில் நடந்ததும் இதை ஒட்டியே இருக்கிறது. 2022 கோடையில் ஐரோப்பிய ஒன்றியம் எரிவாயுப் பயன்பாட்டை 15 சதவீதம் குறைக்க இலக்கு வைத்தது. இத்தாலி ஹீட்டிங் பருவத்தின் தொடக்கத்தை எட்டு நாள் தள்ளி, முடிவை ஏழு நாள் முன்னே இழுத்து, நாளுக்கு ஒரு மணி நேரம் குறைத்து, வெப்ப அளவையும் ஒரு டிகிரி இறக்கியது. ஜெர்மனி பொதுக் கட்டடங்களை 19 டிகிரியோடு நிறுத்தியது. 2023 மார்ச் வரையிலான எட்டு மாதங்களில் ஒன்றியத்தின் பயன்பாடு 18 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் இந்த வெற்றியில் ஒரு பங்கு வானிலைக்கு உரியது. ஐரோப்பாவில் அதுவரை பதிவானவற்றிலேயே மிக வெப்பமான அக்டோபர் 2022இல் வந்தது. இயற்கையும் சேர்ந்து தள்ளிப்போட்டது. தொழிற்சாலைகள் உற்பத்தியைக் குறைத்ததும் அந்த 18 சதவீதத்துக்குள் அடக்கம்.

தள்ளிப்போடுவது மனிதரா, வீடா?

15.5 டிகிரி என்ற எல்லை எல்லா வீட்டுக்கும் பொதுவானதல்ல. மனித உடலும் அடுப்பும் தரும் வெப்பம் எவ்வளவு நேரம் வீட்டுக்குள் தங்குகிறது என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். ஓட்டைக் குடத்தில் நீர் நிற்காது. காற்றுப் புகும் வீட்டில் வெப்பம் நிற்காது. நன்கு மூடப்பட்ட வீட்டில் வெளியே 10 டிகிரி ஆனாலும் ஹீட்டர் தேவைப்படாது. அங்கே இருப்பவர்கள் நவம்பர்வரை பொத்தானைத் தொடாவிட்டால் அதற்கு மனவுறுதி வேண்டியதில்லை.

இந்தத் தத்துவத்தை எல்லைவரை கொண்டுபோனது ஜெர்மனி. 1991இல் டார்ம்ஸ்டாட் நகரின் கிரானிக்ஸ்டைன் பகுதியில் இயற்பியலாளர் வுல்ஃப்காங் ஃபைஸ்டின் முயற்சியில் முதல் ‘பாசிவ் ஹவுஸ்’ வீடுகள் எழுந்தன. தடித்த வெப்பக் காப்பு, மூன்று அடுக்குக் கண்ணாடி, வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றும் கருவி. அந்தத் தரத்தின்படி சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட்டுக்கு மேல் வெப்பம் தேவைப்படக் கூடாது.

பிரிட்டனின் நிலைமை இதற்கு நேர் எதிர். ஐரோப்பாவின் மிகப் பழைய வீடுகள் அங்கேதான் அதிகம்; மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 1946க்கு முன் கட்டப்பட்டவை. விக்டோரியா காலத்து வரிசை வீடுகளுக்கு இடைவெளி இல்லாத ஒற்றைச் செங்கல் சுவர். பலகைத் தரைக்குக் கீழே காற்று ஓடும். பழைய கணப்பு மூடப்பட்டிருந்தாலும் புகைபோக்கி திறந்தே இருக்கும். தாடோ என்ற தெர்மோஸ்டாட் நிறுவனம் 2020இல் தன் வாடிக்கையாளர் வீடுகளின் அளவீடுகளை ஒப்பிட்டது. உள்ளே 20 டிகிரியும் வெளியே பூஜ்ஜியமும் இருக்கையில் ஹீட்டரை அணைத்தால், ஐந்து மணி நேரத்தில் பிரிட்டிஷ் வீடு சராசரியாக 3 டிகிரி இழந்தது. ஜெர்மானிய வீடு இழந்தது 1 டிகிரி.

ஒரே தெருவில் இரண்டு வீடுகளில் அக்டோபர் இறுதிவரை ஹீட்டர் எரியாமல் இருக்கலாம். பரணில் 27 சென்டிமீட்டர் காப்புப் பஞ்சும் சுவரிடைவெளியில் நிரப்பலும் உள்ள வீட்டில் வெப்பமானி 18.5 காட்டும். பக்கத்து வீட்டில் 14 காட்டும். இரண்டு குடும்பங்களும் ‘நாங்கள் இன்னும் போடவில்லை’ என்ற ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். முதல் வீட்டில் தள்ளிப்போடுவது சுவர். இரண்டாவது வீட்டில் அந்த வேலையை உடல் செய்கிறது. முதலாவது மிச்சம். இரண்டாவது, பில்லிலிருந்து உடம்புக்கு மாற்றி எழுதப்பட்ட செலவு.

காப்பு போடும் வேலையும் பாதியில் நின்றது. பிரிட்டனில் 2012இல் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட காப்புப் பணிகள் வீடுகளில் நடந்தன. அரசு மானியத் திட்டங்களை மாற்றியதும் சுருக்கியதும் சேர்ந்து, அடுத்த சில ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை பத்தில் ஒன்றுக்கும் கீழே சரிந்தது. 2022இல் விலை ஏறியபோது குடும்பங்களின் கையில் மிஞ்சியிருந்த கருவி ஸ்வெட்டர்தான்.

உடல் வைத்திருக்கும் கணக்கு

குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதலில் பரிந்துரைத்தது. முதியோர், குழந்தைகள், நோயாளிகளுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் சொன்னது. குளிரில் மரணம் என்றால் விறைத்துச் சாவது என்று நாம் நினைக்கிறோம். அது அரிது. குளிரில் தோலுக்கு அருகிலுள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்தம் தடிக்கிறது. அடுத்த சில நாட்களில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன. சற்றுப் பின்னால் நுரையீரல் தொற்றுகள் வருகின்றன. இறப்புச் சான்றிதழில் ‘குளிர்’ என்ற சொல் எங்கும் இருக்காது.

எங்கே அதிகம் சாகிறார்கள் என்பதுதான் வியப்பு. ஐரோப்பாவின் பதினான்கு நாடுகளை ஒப்பிட்டு ஹீலி என்ற ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட கட்டுரையின்படி, குளிர்காலத்தில் கூடும் இறப்பு போர்ச்சுகலில் 28 சதவீதம், பிரிட்டனில் 18, பின்லாந்தில் 10. குளிர் குறைந்த நாட்டில் இழப்பு அதிகம். 1997இல் ‘லான்செட்’ இதழில் வந்த யூரோவிண்டர் ஆய்வு இதன் காரணத்தைக் காட்டியது. வெளியே ஒரே 7 டிகிரி இருக்கும் நாளில் ஏதென்ஸ் வீடுகளின் கூடத்தில் 19.2 டிகிரி, தென் பின்லாந்தில் 21.7. அதே குளிரில் தெருவில் இறங்கும்போது தொப்பி அணிந்தவர்கள் ஏதென்ஸில் 13 சதவீதம், தென் பின்லாந்தில் 72 சதவீதம். கொல்லும் குளிர் பனிக்கட்டிக் குளிராக இருக்க வேண்டியதில்லை. ‘இது ஒன்றும் பெரிய குளிரில்லை’ என்று சொல்ல வைக்கும் குளிரே அதிகம் கொல்கிறது. அக்டோபர் அப்படிப்பட்ட மாதம்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள எட்டு ஆண்களைப் பத்து நாட்களுக்கு, நாளுக்குச் சில மணி நேரம், 14 முதல் 15 டிகிரி குளிரில் இருக்கச் செய்தார்கள். அவர்களின் உடல் இன்சுலினுக்குக் காட்டும் எதிர்வினை சராசரியாக 43 சதவீதம் மேம்பட்டது என்று 2015இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் பதிவு செய்தார்கள். மிதமான குளிர் உடலைப் பழக்குகிறது என்பதிலும் உண்மை உண்டு. அக்டோபரில் நடுங்க வைக்கும் அதே 14 டிகிரி ஏப்ரலில் இதமாகத் தெரிவதும் இந்தப் பழக்கத்தால்தான். அளவறிந்த குளிரில், மருத்துவர்களின் கண்காணிப்பில், நேரம் முடிந்ததும் வெதுவெதுப்பான அறைக்குத் திரும்பிய எட்டுப் பேரின் முடிவு அது. இரவும் பகலும் 14 டிகிரியில் அடைந்து கிடக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கு அது பொருந்தாது. வயது ஏற ஏறக் குளிரை உணரும் திறனும் மங்குகிறது. ‘எனக்கொண்ணும் குளிரலை’ என்று மூத்தவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

சன்னலில் வழியும் நீர்

குளிரைத் தாங்கும் உடல்கூட ஈரத்தைத் தாங்காது. நான்கு பேர் உள்ள வீட்டில் மூச்சு, குளியல், சமையல், உள்ளே காயப்போடும் துணி எல்லாம் சேர்ந்து நாளுக்குப் பத்து லிட்டர் அளவு நீராவி காற்றில் கலக்கிறது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதில் 10 கிராம் சொச்சம் இருந்தால் ஈரப்பதம் 60 சதவீதம்; தொல்லை இல்லை. அதே காற்று 14 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஈரப்பதம் 86 சதவீதத்துக்கு ஏறிவிடும். 12 டிகிரியில் இருக்கும் சுவரைத் தொட்டால் நீராகவே வழியும்.

பழைய வரிசை வீடொன்றின் பின் படுக்கையறையில் அலமாரியைச் சற்று நகர்த்திப் பார்த்தால் இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியும். வடக்குச் சுவர் வெயில் காணாதது. அலமாரியின் முதுகுக்குப் பின்னால் காற்றோட்டம் இல்லை. தரைப்பலகையை ஒட்டிய மூலையில் முதலில் சாம்பல் புள்ளிகள், பிறகு கறுப்பு வட்டங்கள், பிறகு உள்ளே தொங்கும் கோட்டின் தோளில் ஈரவாடை. ரசமும் சோறும் கொதிக்கும் சமையலறைக் கதவு திறந்திருந்து, மாடி ரேடியேட்டர்கள் அணைந்திருந்தால், ஆவி நேராக அந்தக் குளிர்ந்த மூலைக்குத்தான் போய்ச் சேரும். துடைத்துப் பெயிண்ட் அடித்தாலும் சுவர் சூடாகாதவரை பூஞ்சை திரும்ப வரும்.

வட இங்கிலாந்தின் ராச்டேலில் அரசு சார்ந்த வாடகை வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்ததற்குக் காரணம் நெடுநாள் பூஞ்சையைச் சுவாசித்ததே என்று 2022 நவம்பரில் விசாரணை முடிவு செய்தது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே ‘அவாப் சட்டம்’ வந்தது. சமூக வாடகை வீடுகளில் பூஞ்சைப் புகார்களுக்குக் கெடுவுக்குள் தீர்வு காண வேண்டும் என்ற அதன் விதிகள் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. குடியிருப்போர் சன்னலைத் திறப்பதில்லை, துணியை உள்ளே காயப்போடுகிறார்கள் என்று பழியை அவர்கள்மேல் போட்டுவந்த பழைய வழக்கத்துக்கு விழுந்த ஓர் அடி இந்தச் சட்டம்.

பொறுமையும் வறுமையும்

தள்ளிப்போடுவோர் எல்லாரும் விரும்பித் தள்ளிப்போடுவதில்லை. பிரிட்டனில் 40 லட்சம் அளவிலான குடும்பங்கள் முன்பணம் செலுத்தும் மீட்டரை நம்பியிருக்கின்றன. பணம் தீர்ந்தால் வாயு நின்றுவிடும். கோடையில் எரிவாயுவையே தொடாத வீட்டிலும் தினசரி நிலைக்கட்டணம் கடனாக ஏறிக்கொண்டிருக்கும். அக்டோபரில் முதல் முறை பணம் போடும்போது அதன் ஒரு பகுதியை அந்தக் கடன் விழுங்கிவிடும். 2022இல் இப்படிப் பணம் போட முடியாமல் இணைப்பை இழந்து தவித்தவர்கள் 32 லட்சம் பேர் என்று சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு மதிப்பிட்டது. அந்தக் குளிர்காலத்தில் நூலகங்களும் தேவாலயங்களும் ‘வெதுவெதுப்பான இடம்’ என்று பலகை வைத்து மக்களை உள்ளே அழைத்தன.

இந்த வறுமையை அளப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பில்லை மட்டும் பார்த்தால் ஹீட்டரே போடாத குடும்பம் மிகச் சிக்கனமான குடும்பமாகத் தெரியும். அதனால்தான் பிரெண்டா போர்ட்மன் போன்ற ஆய்வாளர்கள், வீட்டைப் போதிய வெப்பத்தில் வைக்க எவ்வளவு செலவழிக்க வேண்டியிருக்கும் என்பதை அளவுகோலாகக் கொண்டார்கள். 1991இல் வந்த அவருடைய ‘எரிபொருள் வறுமை’ நூல் வருமானத்தில் பத்து சதவீதத்தை எல்லையாக வைத்தது. இங்கிலாந்து இன்று வேறு வரையறைக்கு மாறிவிட்டது. ஆனாலும் செலவழித்ததை விட்டுவிட்டுத் தேவையை அளக்கும் அந்த அடிப்படை நிலைத்திருக்கிறது.

அரசின் உதவியோ அலைபாய்கிறது. 1997 முதல் ஓய்வூதியர்கள் எல்லாருக்கும் கிடைத்துவந்த குளிர்கால எரிபொருள் தொகை, 2024இல் மிக ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் அதை இழந்தார்கள். எதிர்ப்புக்குப் பின் 2025இல் ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்குள் உள்ளவர்களுக்கு மீண்டும் நீட்டப்பட்டது. இடையில் ஒரு குளிர்காலம் கடந்துபோயிருந்தது.

அரசே எல்லாருக்கும் வெப்பம் தந்தால் தீர்ந்துவிடுமா? சீனத்தின் அனுபவம் எச்சரிக்கிறது. 1950கள் முதல் ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே நிலக்கரி கொதிகலன்களால் வெப்பம் தரப்பட்டது, தெற்கே தரப்படவில்லை. ஆற்றின் இரு கரைகளையும் ஒப்பிட்டு 2013இல் வெளிவந்த ஆய்வு, வடக்கே காற்று மாசினால் ஆயுள் ஐந்தரை ஆண்டு குறைந்ததாக மதிப்பிட்டது. எனவே எவ்வளவு வெப்பம் என்பதோடு, எதை எரித்து, எப்படிப்பட்ட சுவருக்குள் என்ற கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

செய்யக்கூடியது

அறையை விட்டு ஆளைச் சூடாக்குவது பழைய அறிவு. மேலாடைக்குள் வைத்துக்கொள்ளும் காஷ்மீரத்தின் தணல்சட்டியான காங்கிரி, போர்வை மூடிய மேசைக்கு அடியில் வெப்பம் தரும் ஜப்பானின் கொதாத்சு இரண்டும் அதுதான். தடித்த ஸ்வெட்டர் ஒன்று அறை வெப்பத்தில் இரண்டு டிகிரிக்கு ஈடு. மின்போர்வை ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் கேட்கும். ஆனால் இவை சுவரைக் காயவைக்காது. ஸ்வெட்டர் போட்டவருக்குக் குளிர் தெரியாமல் இருக்கலாம். பூஞ்சைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

செப்டம்பர் கடைசியில், குளிர் தொடங்கும் முன்பே, ஹீட்டிங்கைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. ஐந்து மாதம் சும்மா கிடந்த பம்ப் இறுகியிருக்கலாம். அது தெரியவருவது முதல் உறைபனி இரவாக இருந்தால் பழுதுபார்ப்பவருக்குக் காத்திருக்கும் வரிசை நீளம். ரேடியேட்டர் கீழே சுட்டு மேலே குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. சிறு சாவியைக் கால் சுற்றுத் திருப்பினால் சீறிக்கொண்டு காற்று வெளியேறும். கருநிற நீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிட வேண்டும். பிறகு பாய்லரின் அழுத்தமானி 1 முதல் 1.5 வரை காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். 2005க்குப் பிறகு பொருத்தப்பட்ட ஆவிக்குளிர்வுப் பாய்லர்களில் ரேடியேட்டருக்குப் போகும் நீரின் வெப்பத்தை 60 டிகிரி அளவுக்கு இறக்கினால் அதே வெப்பத்துக்கு வாயு குறைவாகச் செலவாகும். சுடுநீர்த் தொட்டி வைத்துள்ள வீடுகள் மட்டும் கிருமி வளராதிருக்கத் தொட்டியின் வெப்பத்தைக் குறைக்கக் கூடாது.

வெப்பமும் ஈரப்பதமும் சேர்த்துக் காட்டும் சிறு மானி பத்து பவுண்டுக்குள் கிடைக்கும். அதை நடுக்கூடத்தில் வைக்காமல், வீட்டின் மிகக் குளிர்ந்த அறையில் வைக்க வேண்டும். அது 18க்குக் கீழே இறங்கிவிட்டால், அல்லது ஈரப்பதம் நாள்கணக்கில் 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால், நாட்காட்டியில் எந்த மாதம் என்று பார்க்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெற்றோரை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். தெற்காசியரிடம் நீரிழிவும் இதய நோயும் அதிகம். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான். பிள்ளைகளின் பில் ஏறக் கூடாதென்று ஹீட்டரை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் உட்கார்ந்திருப்பவர்களும் அவர்கள்தான்.

ஹீட்டரைத் தள்ளிப்போடுவதைப் பாராட்டும் முன் அந்த வீட்டின் சுவரைப் பார்க்க வேண்டும். நன்கு மூடிய வீட்டில், உடல்நலம் உள்ளவர்கள் நவம்பர்வரை காத்திருப்பதில் எந்தக் கேடும் இல்லை. ஒழுகும் வீட்டில் அந்தக் காத்திருப்பு சில பத்து பவுண்டுகளை மிச்சப்படுத்தி, அதைவிடப் பெரிய தொகையை மருத்துவமனைக்கும் பூஞ்சை பிடித்த சுவருக்கும் கடனாக எழுதி வைக்கிறது. அரசு செய்ய வேண்டியது பரணையும் சுவரையும் மூட மீண்டும் பணம் ஒதுக்குவது. வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ இருந்தால் நீங்கள் செய்ய வேண்டியது, மானி 18க்குக் கீழே காட்டும் அன்றைக்கே ஹீட்டரைப் போடுவது.